ஒரு மீட்டர் மேடை, பொய் சொல்லும் ஓவன்: மழைக்கும் குளிருக்கும் வீட்டு பேக்கிங் வழிகாட்டி

மழை பிடித்துக்கொண்ட மாலையிலோ குளிர் இறங்கிய காலையிலோதான் ஏதாவது பேக் செய்யலாமே என்று தோன்றும். வெயில் கொளுத்தும்போது ஓவன் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டோம். ஆனால் ஆசை வந்த அன்றைக்குப் பார்த்துத்தான் தராசில் பேட்டரி தீர்ந்திருக்கும், பேக்கிங் பவுடர் எந்தக் காலத்தில் வாங்கியது என்று தெரியாது, மேடை முழுக்கப் பாத்திரம் கவிழ்ந்திருக்கும்.

சமையலறையை இடித்துக் கட்டச் சொல்லப்போவதில்லை. அலமாரியும் டைல்ஸும் மாற்றினால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அதற்காகக் கேக் கூடுதலாக உப்பாது. என் வீட்டு பேக்கிங்கை நிஜமாகவே மாற்றியவை மூன்றுதான்: எப்போதும் காலியாகக் கிடக்கும் ஒரு மீட்டர் மேடை, ஒரு தராசு, ஓவனுக்குள் வைக்கும் ஒரு வெப்பமானி. முதலில் இவற்றைச் சரிசெய்வோம். அப்புறம் மாவில் கை வைக்கலாம்.

முதல் படி: ஒரு மீட்டர் இடம்

வழக்கம்போல ஒரு கேக் செய்யுங்கள். ஆனால் நின்ற இடத்தைவிட்டு ஒவ்வொரு முறை நகரும்போதும் ஒரு தாளில் கோடு போடுங்கள். சல்லடைக்கு ஒரு நடை, முட்டைக்கு ஒரு நடை, கை துடைக்கத் துணிக்கு ஒரு நடை. நான் எண்ணியபோது இருபதைத் தாண்டியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். அந்தத் தாள்தான் உங்கள் சமையலறைக்கான வரைபடம். எதற்காக அதிகம் நடந்தீர்களோ, அது இடம் மாற வேண்டும்.

இடம் சிறியது என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்பர்ட் சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கு அதுதான் பாட்டி. அதில் மாவு வைக்கும் பெட்டிகள் ஓக் மரத்தில் செய்யப்பட்டன; அந்த மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புழுவை அண்டவிடாது என்பது கணக்கு. எதை எடுக்கவும் இரண்டு எட்டுக்கு மேல் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த அறையின் சூட்சுமம்.

மேடையில் சுமார் ஒரு மீட்டர் நீளத்தைப் பேக்கிங்குக்கென்று ஒதுக்குங்கள். மிக்ஸி, தண்ணீர்க் குடம், பாதி காலியான எண்ணெய் பாட்டில் எதுவும் அங்கே குடியேறக் கூடாது. மாவு, சர்க்கரை, உப்பு, தராசு, கிண்ணம், சல்லடை, ஸ்பேட்டுலா ஆகியவை அந்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ, நகராமல் எடுக்கும்படி இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பூ வடிவ அச்சுகளுக்குப் பரண் போதும்.

உயரம் முக்கியம். சமையல் மேடைகள் பெரும்பாலும் 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். காய் நறுக்க அது சரி. மாவு பிசையச் சற்று அதிகம். பிசையும்போது தோளிலிருந்து உடம்பின் கனம் இறங்க வேண்டும். மேடை உயரமானால் கையாலேயே தள்ளுவீர்கள்; பத்து நிமிடத்தில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் மேடையில் ஊன்றிப் பாருங்கள். முழங்கை அதிகம் மடங்கினால், உறுதியான பலகை ஒன்றின் மேல் ஏறி நின்று பிசையுங்கள், அல்லது உயரம் குறைந்த மேசைக்கு மாறுங்கள். பிசையும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது.

விளக்கையும் பாருங்கள். பெரும்பாலான சமையலறைகளில் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும்; மேடையில் விழுவது நம் நிழல்தான். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து வெளுத்துவிட்டதா, பன்னின் மேல்புறம் பொன்னிறமா பழுப்பா என்பதெல்லாம் அந்த நிழலில் தெரியாது. மேல் அலமாரியின் அடிப்புறத்தில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டினால் தீர்ந்தது. பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: மின்சாரமும் மூச்சுவிட இடமும்

மேசை மேல் வைக்கும் ஓவன்கள் பொதுவாக 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். சுவரில் தனி பிளக் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதே பெட்டியில் கெட்டிலையும் போட்டால் வயர் சூடாகி உருகும். ஓவனின் பின்புறம், பக்கவாட்டு, மேல்புறம் மூன்றிலும் கையேடு சொல்லும் இடைவெளி கட்டாயம். கையேடு தொலைந்துபோயிருந்தால் 10 முதல் 15 சென்டிமீட்டராவது விடுங்கள். மேலே துணியோ பிளாஸ்டிக் டப்பாவோ வைக்காதீர்கள். ஓவனுக்குப் பக்கத்திலேயே சூடான தட்டை இறக்கி வைக்க ஓரிடம் இருக்கட்டும். கையில் 180 டிகிரி தட்டுடன் நின்று “எங்கே வைப்பது?” என்று சுற்றிப் பார்ப்பது நல்ல அனுபவம் இல்லை.

மூன்றாம் படி: ஓவனை விசாரியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வீட்டில் கேக் கெட்டுப்போவதற்கு நாம் முட்டையையும் மாவையும் குறை சொல்கிறோம். பல நேரம் குற்றவாளி ஓவனின் திருகுதான். என் பழைய ஓவன் 180 என்று திருகினால் 205-ல் போய் நின்றது. இரண்டு ஆண்டுகள் என் கேக்குகள் எல்லாம் மேலே வெடித்து, உள்ளே ஈரமாக வந்தன. எனக்குக் கைராசி இல்லை என்றே நம்பியிருந்தேன்.

ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நடுக் கம்பித் தட்டின் மத்தியில் அதை வைத்து, 180 டிகிரிக்குத் திருகுங்கள். சூடாகிவிட்டது என்று காட்ட ஓவனின் சிறு விளக்கு அணைந்ததும் நம்பிவிடாதீர்கள். அப்போது சூடாகியிருப்பது காற்று மட்டும். சுவர்கள் சூடேற இன்னும் 15, 20 நிமிடம் ஆகும். அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே பார்த்து, ஆறு முறை எழுதிக்கொள்ளுங்கள். ஹீட்டர் அணைந்து அணைந்து எரிவதால் எண் ஏறி இறங்கும். ஆறின் சராசரிதான் உங்கள் ஓவனின் உண்மையான 180. வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி ஓவன் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டுங்கள்.

அடுத்தது, எந்த மூலை அதிகம் சுடுகிறது என்ற சோதனை. கம்பித் தட்டு முழுவதும் வெள்ளை பிரெட் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்தால் ஓவனின் ஜாதகமே தெரியும்: உதாரணத்துக்கு, பின்பக்க வலது மூலைத் துண்டுகள் கருகியிருக்கும், கதவோரத்தில் வெளுத்தே இருக்கும், நடுவில் பொன்னிறம். அதை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பிஸ்கட் தட்டைப் பாதி நேரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. (துண்டுகள் வீணாகாது. பொடித்து பிரெட் தூளாக்கிவிடலாம்.)

உள்ளே விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் குறிப்பில் சொன்னதைவிட 15 முதல் 20 டிகிரி குறைத்து வையுங்கள். கறுப்பு நிறத் தகர அச்சு வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். அதற்கும் 10 டிகிரி அளவுக்குக் குறைக்கலாம்.

நான்காம் படி: தராசு, டப்பா, தேதி

ஒரு கப் மைதா எவ்வளவு? மெதுவாகக் கரண்டியால் நிரப்பினால் 120 கிராம். மாவுக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். மூன்று கப் மாவு போடும் குறிப்பில் இந்த வித்தியாசம் 90 கிராமாகிவிடும். பஞ்சு கேக் செங்கல்லாக அது போதும். ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு வாங்குங்கள், மாற்று பேட்டரியையும் பக்கத்திலேயே வையுங்கள். பிறகு கப்பே வேண்டாம். கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே போகலாம், கழுவுவதும் மிச்சம்.

ஸ்டாண்ட் மிக்ஸர் இல்லாமல் பன் வராதா என்று கேட்பார்கள். வரும். கை போதும். வாங்கியே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால், முதலில் 23 சென்டிமீட்டர் சதுர அச்சு, மாவைச் சுரண்டும் தகடு, குத்திப் பார்க்கும் வெப்பமானி ஆகியவற்றை வாங்குங்கள்.

மாவை ஓவனுக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள். சூட்டில் சீக்கிரம் காறல் அடிக்கும். முழு கோதுமை மாவில் முளையின் எண்ணெய் இருப்பதால் மைதாவைவிட விரைவில் கெடும். வண்டுத் தொல்லை இருந்தால், புதிதாக வாங்கிய மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள், முட்டைகள் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் திறந்துவிடாமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் கோக்காது. ஈஸ்ட், கொட்டை வகைகளுக்கும் ஃப்ரீசர்தான் நல்ல வீடு.

1843-ல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவர் தயவில் நமக்கு வேலை மிச்சம், ஆனால் பவுடருக்கு ஆயுள் உண்டு. அரை டீஸ்பூன் எடுத்துச் சூடான தண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் சரி. சோம்பலாக நான்கு குமிழ் விட்டால் குப்பையில் போடுங்கள். சோடாவை எலுமிச்சைச் சாறில் சோதியுங்கள். டப்பா திறந்த தேதியை மூடியில் எழுதிவிட்டால் அடுத்த முறை இந்தச் சோதனையும் வேண்டாம்.

ஐந்தாம் படி: பருவத்தை மாவுக்குச் சொல்வது

சரி, மழை வந்துவிட்டது. போன வெயிலில் ஒரு மணி நேரத்தில் பொங்கிய அதே மாவு இன்று மூன்று மணி நேரமாகியும் அசையாமல் கிடக்கும். ஈஸ்ட் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பாக்கெட் கொட்டுவோம். அதற்குக் குளிருகிறது, அவ்வளவுதான்.

பன் மாவு பிசைந்து முடிக்கும்போது 26 டிகிரி அளவில் இருந்தால் நன்றாகப் பொங்கும். அறையின் சூட்டையும் மைதாவின் சூட்டையும் நம்மால் மாற்ற முடியாது. பாலின் சூட்டை மாற்றலாம். அதற்கு பேக்கரிக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூட்டையும் மைதாவின் சூட்டையும், கையால் பிசைவதில் ஏறும் சூட்டுக்கு 3 டிகிரியையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் பால் இருக்க வேண்டிய சூடு.

குளிர் நாள், அறை 18, மைதா 18: 78-லிருந்து 39 போக, பால் 39 டிகிரி. கை பொறுக்கும் வெதுவெதுப்பு. வெயில் நாள், அறை 32, மைதா 31: பால் 12 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சற்று நேரத்தில். ஒரே பன், ஒரே குறிப்பு; பாலின் சூட்டில் 27 டிகிரி வித்தியாசம். குறிப்புகளில் “வெதுவெதுப்பான பால்” என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள். 55, 60 டிகிரியில் ஈஸ்ட் மடிந்துவிடும்.

குளிரில் மாவு பொங்க இடம் வேண்டுமே? அணைத்து வைத்த ஓவனுக்குள் கிண்ணத்தை வைத்து, கீழே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள். மாவு உள்ளே இருக்கிறது என்று கதவில் சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் வேறு யாரோ வந்து ஓவனைச் சூடேற்ற, பிளாஸ்டிக் மூடி மாவோடு ஒட்டிய கதை எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

ஆறாம் படி: பட்டைச் சுருள் பன்

வீடு முழுக்க மணக்க வேண்டுமென்றால் இதுதான். ஒன்பது பன் வரும்.

மாவுக்கு: மைதா 400 கிராம், பால் 220 கிராம், ஒரு முட்டை, சர்க்கரை 50 கிராம், மிருதுவான வெண்ணெய் 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், உப்பு 7 கிராம். உள்ளே தடவ: வெண்ணெய் 60 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், பட்டைப் பொடி 8 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

பட்டைப் பொடியை மாவிலேயே கலந்துவிட்டால் எளிதுதானே என்று தோன்றும். பட்டையின் காரமான எண்ணெய் ஈஸ்ட்டை மந்தமாக்கும். அதனால்தான் அது எப்போதும் உள்ளே சுருளாகப் போகிறது.

வெண்ணெய் தவிர மாவுக்கான எல்லாவற்றையும் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்த இடைவேளையில் மாவு தண்ணீரைக் குடித்துப் பாதிப் பிசைதலைத் தானே முடித்துவிடும். பிறகு 5 நிமிடம் பிசைந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேருங்கள். இப்போது மாவு கிழிந்து, வழுக்கி, கையெல்லாம் ஒட்டி, எல்லாம் நாசமாய்ப் போனது போல் இருக்கும். இங்கேதான் பலரும் பயந்து மாவு தூவுவார்கள். தூவாதீர்கள். விடாமல் பிசைந்தால் நான்கைந்து நிமிடத்தில் வெண்ணெய் உள்ளே போய், பலகையைவிட்டுத் தானாக எழும்பும். நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி விரல்களால் விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய ஜவ்வாக விரிந்தால் போதும்.

மூடி வைத்து இரண்டு மடங்காகும்வரை காத்திருங்கள். 26 டிகிரியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள்.

பூரிக்கட்டையால் 40-க்கு 30 சென்டிமீட்டர் செவ்வகமாகத் தேயுங்கள். வெண்ணெயை ஓரம் வரை தடவுங்கள், ஒரு நீண்ட ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலம் விடுங்கள். சர்க்கரையும் பட்டையும் உப்பும் கலந்து தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். எதிர் ஓரத்திலிருந்து, இறுக்காமலும் தொளதொளக்காமலும் சுருட்டுங்கள். இறுக்கினால் வேகும்போது நடுச்சுருள் கோபுரம் போல் எழும்பிவிடும்.

கத்தியால் வெட்டினால் சுருள் நசுங்கும். நல்ல வெள்ளை நூல் ஒன்றை எடுத்துச் சுருளுக்கு அடியில் நுழையுங்கள், இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து முடிச்சுப் போடுவது போல் குறுக்காக இழுங்கள். நூல் நாலாபுறமும் ஒரே நேரத்தில் இறங்கி வட்டம் குலையாமல் வெட்டும். இப்படி ஒன்பது துண்டு. வெண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்ட 23 சென்டிமீட்டர் அச்சில் மூன்று வரிசையாக அடுக்கி, 40 நிமிடம் பொங்கவிடுங்கள். விரலால் மெதுவாக அழுத்தினால் குழி உடனே நிரம்பாமல் மெல்ல மெல்ல எழும்ப வேண்டும். அதுதான் ஓவனுக்குப் போகும் நேரம். (உள்ளே வெந்நீரோடு பொங்கவைத்திருந்தால், சூடேற்றுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.)

உண்மையான 180 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். மேல்புறம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாள் மூடலாம். நடு பன்னில் வெப்பமானியைக் குத்தினால் 88 முதல் 90 காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் சூட்டோடு சூடாக இரண்டு ஸ்பூன் பாலை மேலே தடவித் துணியால் மூடினால் மேல்தோல் மிருதுவாகவே இருக்கும்.

ஏழாம் படி: பிசைய நேரமில்லாத நாளுக்கு ஒரு சுக்குக் கேக்

இது அரைமணி நேர வேலை, மீதியை ஓவன் பார்த்துக்கொள்ளும். மைதா 200 கிராம், சமையல் சோடா முக்கால் டீஸ்பூன், சுக்குப் பொடி 2 டீஸ்பூன், பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், கிராம்புப் பொடி கால் டீஸ்பூன், அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைச் சலியுங்கள். வெண்ணெய் 100, பழுப்புச் சர்க்கரை 120, தேன் 100 கிராம் மூன்றையும் சிறு தீயில் உருக்கி ஆறவையுங்கள். அதில் 150 கிராம் தயிரும் இரண்டு முட்டையும் அடித்துச் சேர்த்து, மாவில் ஊற்றி, திட்டு மறையும்வரை மட்டும் கலந்து, 20 சென்டிமீட்டர் சதுர அச்சில் ஊற்றுங்கள். தயிரின் புளிப்புதான் சோடாவை வேலை வாங்குகிறது, அதனால் கலந்த மாவைக் காக்க வைக்காதீர்கள். ஓவன் முன்பே தயாராக இருக்கட்டும். தேன் சீக்கிரம் கறுக்கும் என்பதால் 160 டிகிரி போதும், 40 முதல் 45 நிமிடம். முதல் நாள் சுக்கு தனியாகக் காரம் காட்டும். பொறுமை இருந்தால் காற்றுப் புகாமல் மூடி மறுநாள் வெட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுமை இரண்டு முறைதான் வாய்த்திருக்கிறது.

மிச்சம் வைத்தால்

பன்னை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி, வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப் போகும். அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டியதை மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள். மீதியை ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். அடுத்த மழைக்கு, உறைந்தபடியே அலுமினியத் தாளில் சுற்றி 150 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். பட்டை மணம் கூடத்துக்கு வந்து எட்டிப்பார்த்த பிறகு டீ போட்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.